சூடேறி அணைந்த ஏ.வி. ரிசீவர்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் 7.2 சேனல் ஏ.வி. ரிசீவர் (டிவி போன்றவற்றின் ஒலியைப் பெருக்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) ஒன்று ஏழு ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஒலித்தரத்தில் ஒருநாளும் குறை தோன்றியதில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுச் சித்திரை வெயிலில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தானாக அணையத் தொடங்கியது. முகப்பில் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும், அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி பாடும். பழுது பார்க்கும் கடையில் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்தகைய ரிசீவர்களில் பெரும்பாலும் ஏபி வகை (Class AB) ஆம்ப்ளிஃபயரே, அதாவது ஒலிபெருக்கிச் சுற்றே, இருக்கிறது. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறும். பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் சிறிது மின்னோட்டம் இருந்துகொண்டே இருப்பதால், மேல்மூடி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பே. கவனிக்க வேண்டியது அணையும் நேரத்தை. ஒலியைக் கூட்டிய கணமே அணைந்தால் ஸ்பீக்கர் வயரில் ஷார்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம்.

மின்இணைப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, இடது ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலிருந்து மயிரிழை போன்ற ஒற்றைச் செப்புக் கம்பி பிரிந்து, கறுப்பு முனையை நோக்கி வளைந்து நின்றது. அதை வெட்டி, கம்பி இழைகள் வெளியே நீளாதபடி முனையில் செருகும் பனானா பிளக் பொருத்தினேன். ஆபத்து ஒன்று நீங்கியது, ஆனால் அணைவது நிற்கவில்லை.

உண்மைக் காரணம் ஷோகேஸ்தான். பின்பலகை அடைப்பு, மேலே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி, அந்த இடைவெளியிலும் காற்றுத்துளைகளை மறைத்தபடி செட்டாப் பாக்ஸ். அதைத் தனிப்பலகைக்கு மாற்றி, ரிசீவரைத் திறந்த தட்டில் வைத்து, துளைகளில் படிந்திருந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தேன். பின்னர் 120 மில்லிமீட்டர் கணினி விசிறிகள் இரண்டை, சூடான காற்றை மேல்நோக்கி இழுக்கும்படி மூடிமேல் நிறுத்தினேன். 12 வோல்ட் விசிறியை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகச் சுழலும், சத்தமே கேட்காது. 71 டிகிரி செல்சியஸ் காட்டிய மேல்மூடி 52க்கு இறங்கியது.

ரிசீவரின் மெனுவில் இருந்த குறைந்த ஓம் அமைப்பையும் (மின்தடை குறைந்த ஸ்பீக்கர்களுக்காக ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை மட்டுப்படுத்துவது) முயன்றேன். வெப்பம் குறைந்தது, கூடவே மிருதங்கத்தின் அழுத்தமும் குறைந்தது. என் ஸ்பீக்கர்கள் 6 ஓம். கையேடு அதை அனுமதிப்பதால் பழைய அமைப்புக்கே திரும்பினேன். அதற்குப் பதிலாக, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியைச் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள, அடித்தொனிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டதில் ரிசீவரின் சுமை குறைந்தது. இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஸ்டாண்ட்பையிலும் பெட்டி சூடாக இருந்ததற்கு எச்டிஎம்ஐ பாஸ்த்ரூ (ரிசீவர் அணைந்திருக்கும்போதும் படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கடத்தும் வசதி) காரணம், அதை அணைத்துவிட்டேன். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்பகுப்பு கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், இதையும் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது.

அதன் பிறகு நான்கு கோடைகள் கடந்துவிட்டன. சென்ற மே மாதம் மூன்று மணி நேரப் படம் ஒன்றை முழுவதும் பார்த்துவிட்டு அளந்தபோது 54 டிகிரி காட்டியது. போர்டு இன்றும் பழையதுதான். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை விசிறி இதழ்களின் தூசியை மட்டும் துடைக்கிறேன்.