மூங்கில் சந்திரிகையா, நெட்ரிக்காவா, சுழல் சட்டமா?

பட்டுப்புழு பழுத்துவிட்டால் காத்திருக்காது. தழை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, கூடு கட்ட இடம் தேடும். அப்போது அதை எதன் மேல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அதுவரை பட்ட பாட்டுக்கு விலை கிடைக்கும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் நூற்பாளர், கூட்டைக் கையில் அள்ளியதுமே கறைக்கூட்டையும் இரட்டைக்கூட்டையும்தான் தேடுகிறார்.

பழுத்த புழுவைக் கூடு கட்ட விடும் தாங்கிகளாகச் சந்திரிகை, நெட்ரிக்கா, சுழல் சட்டம் என மூன்று உண்டு. மூன்றில் மூத்தது மூங்கில் சந்திரிகை. ஆறடிக்கு நான்கடி அளவில் பாய் முடைந்து, அதன் மேல் இரண்டு அங்குலப் பட்டையைச் சுருளாக நிறுத்திக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் புழுக்களை விடலாம். சுருளின் இடைவெளியில்தான் முடைபவரின் கைத்திறன் தெரியும். அது அகன்றுவிட்டால் இரண்டு புழுக்கள் ஒரே இடத்தில் நூல் விட்டு இரட்டைக்கூடு ஆகிவிடும். அதன் இழைகள் பின்னிக்கொள்வதால் நல்ல கச்சாப்பட்டு நூற்க முடியாது. குறுகிவிட்டால் கூடு வடிவம் கெடும்.

நூல் விடத் தொடங்கும்முன் புழு கடைசியாக ஒருமுறை சிறுநீர் கழிக்கும். ஆயிரம் புழுக்களின் ஈரம் சிறிய விஷயமல்ல, கூட்டில் பட்டால் அது கறைக்கூடாகிவிடும். மூங்கில் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. சந்திரிகையைச் சாய்த்து வைத்தால் மிச்சம் வடிந்துவிடும், பாயின் கண்கள் வழியே காற்றும் புகும். இழையில் உள்ள செரிசின் பசை சீக்கிரம் உலர வேண்டும். ஈரக்காற்றில் கட்டிய கூட்டை வெந்நீரில் போட்டு நூற்கும்போது இழை அடிக்கடி அறுந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூங்கிலின் அருமை நன்றாகவே தெரியும்.

நெட்ரிக்கா பிளாஸ்டிக்கால் ஆனது. மடித்து ஒரு மூலையில் அடுக்கிவிடலாம், பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுக்கலாம். நோய் வந்துபோன புழு வளர்ப்பு மனையில் இந்தச் சுத்தம் பெரிய ஆறுதல், ஏனென்றால் மூங்கில் இடுக்கில் தங்கிய கிருமியை விரட்டுவது கடினம். ஆனால் பிளாஸ்டிக் ஒரு சொட்டு ஈரத்தையும் இழுக்காது. அடியில் காகிதம் விரிக்காமல், சன்னலையும் சாத்தி வைத்தால் கறைக்கூடு கூடத்தான் செய்யும். வசதிக்காக இதை வாங்குங்கள், தரம் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சுழல் சட்டம் புழுவின் இயல்பை அறிந்து செய்தது. ஒரு சட்டத்தில் 156 அறைகள், ஒரு தொகுப்பில் பத்துச் சட்டங்கள். புழு எப்போதும் மேல்நோக்கி ஏறும். மேல் பாதி கனத்ததும் தொகுப்பு தானே சுழன்று தலைகீழாகும். புழுக்கள் மறுபடி ஏறிக் காலி அறைகளைப் பிடிக்கும். அறைக்கு ஒரு புழு என்பதால் இரட்டைக்கூடு அரிது, கூடும் ஒரே சீராக வரும். செலவு அதிகம், தொங்கவிட உயரமும் தாங்கும் சட்டகமும் வேண்டும், அட்டையால் ஆனதை நனையவிடக் கூடாது.

வெண்கூடு எடுப்பவருக்கு இந்தச் செலவு தகும் என்பேன். அந்த ரகத்தின் இழை நீளமானது, ஒரு கிலோ நூலுக்குத் தேவைப்படும் கூடும் குறைவு. அதைச் சீரற்ற கூடாக விற்பது வீண் நஷ்டம். குறைந்த முட்டைத் தொகுதி எடுத்து மஞ்சள் கூடு வளர்க்கும் குடும்பம், கையில் இருக்கும் மூங்கில் சந்திரிகையைக் கழித்துப்போடத் தேவையே இல்லை. பட்டை தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம், உடைந்த நெட்ரிக்காவை அப்படிச் செய்ய முடியாது. ஒகேனக்கல் பரிசலுக்கு மூங்கில் முடையும் மாவட்டத்தில் சந்திரிகை முடைய ஆளில்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாக முடையச் சொல்பவர்கள் மழைக்கு வெகு முன்பே சொல்லிவைக்க வேண்டும். முற்றிய மூங்கிலை வெட்டிச் சில வாரம் நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திப் பிளந்தால் எளிதில் உளுக்காது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒட்டியிருக்கும் பஞ்சிழையைத் தீயில் வாட்டி நீக்கிவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.