பீங்கான் கப்பும் 43 இன்ச் டிவியும்: ஐந்து வருட அனுபவம்

டிவி வாங்கியது 2020 தீபாவளிக்கு முந்தைய வாரம். கோயம்புத்தூர் கடையில் வரிசையாக மாட்டியிருந்ததில் இதுதான் பளிச்சென்று இருந்தது. 43 இன்ச், திரைக்குப் பின்னால் எல்இடி வெளிச்சம் (பேக்லைட்) வைத்த எல்சிடி. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் வைத்துப் போட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, நியூஸ் வாசிக்கிற பொண்ணு குளிர்ல விறைச்ச மாதிரி இருக்கா?"

எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்தக் கதை எந்தக் கம்பெனி டிவிக்கும் பொருந்தும்.

அம்மா சொன்னது சரிதான். கடையில் பளிச்சென்று தெரிந்த அதே வெள்ளை, எங்கள் ஹாலில் ஊதா கலந்த வெள்ளையாக இருந்தது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வித்தைதான். மங்கிய வெள்ளையில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் கண் அதைத் தூய வெள்ளை என்று நம்பிவிடும். ஒரு சொட்டு கூடிவிட்டால் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. டிவி பெட்டியிலிருந்து வரும்போதே 'விவிட்' மோடில், கலர் டெம்பரேச்சர் (வெள்ளை நீலமடிக்கிறதா மஞ்சளடிக்கிறதா என்ற அளவு) 'கூல்' என்று வருவது கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியை ஜெயிப்பதற்காக. வீட்டுக்காக இல்லை.

முதலில் நான் தேடிப்போனது 'டின்ட்' என்ற ஸ்லைடரை. ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் சிவப்பு. பெயரே அப்படி இருப்பதால் எல்லோரும் அங்கேதான் கை வைப்போம். அது அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) என்ற பழைய ஒளிபரப்பு முறைக்குத் தேவைப்பட்ட சமாச்சாரம். அங்கே ஒளிபரப்பு வரும் வழியில் நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், பார்ப்பவர் திருகிச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'ஒருமுறை வந்த நிறம் மறுமுறை வராது' (Never The Same Color) என்று அந்த நான்கெழுத்தின் பெயரை வைத்தே கேலி செய்வார்கள். நம் ஊருக்கு வந்தது பால் (PAL) முறை. அதில் ஒரு கோட்டில் வரும் பிழையை அடுத்த கோடு எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்துவிடும், திருகவே வேண்டாம். இப்போது எல்லாமே டிஜிட்டல். ஸ்லைடர் மட்டும் பழைய வீட்டு அம்மிக்கல் மாதிரி மிச்சம் இருக்கிறது. நான் அதை நடுவில் விட்டுவிட்டுத் தொடுவதே இல்லை.

மாற்ற வேண்டியது கலர் டெம்பரேச்சர். பிக்சர் மோடை 'சினிமா'வுக்கும் டெம்பரேச்சரை 'வார்ம்'முக்கும் மாற்றினேன். படம் எடுப்பவர்களும் ஒளிபரப்புபவர்களும் வெள்ளை என்று வைத்துக்கொள்வது சுமார் 6500 கெல்வின் (இந்த எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) பகல் வெளிச்சத்தை. பெரும்பாலான டிவிகளில் அதற்கு அருகில் இருப்பது இந்த வார்ம்தான். 'கூல்' அதைவிட மிகவும் நீலம். மாற்றிய அன்று ராத்திரி அம்மா, "இப்ப எல்லாருக்கும் காமாலை வந்துடுச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ரிமோட்டை ஒளித்துவைத்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே விட்டேன். மூன்றாவது வாரம் சும்மா பழைய 'கூல்'லுக்குத் தட்டிப் பார்த்தபோது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தது போல இருந்தது. "அய்யய்யோ, பழையபடியே வையி" என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அப்புறமும் ஒரு குறை. பகலில் சரியாக இருக்கும் படம் ராத்திரியில் நீலம் தட்டும். காலையில் ஒரு நிறம், மிஸ்ட் இறங்கிய மத்தியானத்தில் வேறு நிறம். எட்டு மாதம் நான் டிவியைத்தான் திட்டினேன். நான் வேலை பார்ப்பது டீ ஃபேக்டரியில், அதுவும் கப் பார்க்கிற இடத்தில். ஒரே மாதிரியான வெள்ளைப் பீங்கான் கப்பில் லிக்கரை, அதாவது டீ டிகாஷனை, ஊற்றி, வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் நிறம் பார்ப்போம். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது, காலையும் மாலையும் வெளிச்சம் அதிகம் மாறாது. மஞ்சள் பல்பின் கீழ் வைத்தால், சரியாகப் புளிக்காமல் பச்சை வாடை அடிக்கிற லிக்கர்கூட நல்ல செம்பு நிறமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். இருபது வருடமாக இதைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என்ன செய்திருந்தேன் தெரியுமா? டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு வெளிர் பச்சை பெயின்ட். தலைக்கு மேலே, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று 3000 கெல்வின் மஞ்சள் பல்பு.

கண் சுற்றியிருக்கும் வெளிச்சத்தையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அறை மஞ்சளாக இருந்தால் சரியான திரையும் நீலமாகத் தெரியும். சுவர் பச்சை என்றால் முகங்கள் லேசாகச் சிவக்கும். பல்பை மாற்றி, எந்தக் கடையிலும் கிடைக்கும் 6500 கெல்வின் 'கூல் டே லைட்' பல்பு ஒன்றை டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்தேன். அடுத்த பெயின்ட் வேலையின்போது அந்தச் சுவரை மட்டும் சாம்பல் கலந்த வெள்ளையாக்கினேன். ராத்திரி நீலம் போய்விட்டது. டிவியில் ஒரு பட்டனும் தொடவில்லை. மனைவிக்கு மட்டும் இன்னும் அந்த மஞ்சள் பல்பு ஞாபகம் போகவில்லை. "ஹால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க" என்கிறாள். டிவி ஓடாத நேரத்துக்கு இப்போது மஞ்சள் பல்பும் உண்டு, தனி சுவிட்சில்.

2022 ஜூலை, மழைக்காலம். ஒரு நாள் படம் முழுக்க நீலப்பச்சையாகிவிட்டது, சிவப்பு என்ற ஒன்றே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மிஸ்ட் இறங்கினா சிக்னல் அப்படித்தான்" என்றார். மழையில் டிஷ் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், நின்றுபோகும். நிறம் மாறாது. ரிமோட்டில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினேன். மெனு எழுத்துகள் சுத்தமான வெள்ளையாக வந்தன. மெனு டிவி தானே வரைவது. அது வெள்ளையாக இருந்தால் பேனலில், அதாவது திரையில், கோளாறு இல்லை, பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்தான். மெனுவும் நிறம் மாறியிருந்தால் டிவிதான் காரணம். ஐந்து வருடத்தில் எனக்கு அதிகம் உதவிய சோதனை இந்த ஒரு பட்டன்தான். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றினேன். முனையில் இருந்த பளபளப்பு போய் மங்கியிருந்தது. எங்கள் ஊர் ஈரம் பீரோவில் இருக்கும் செருப்பிலேயே பூஞ்சை பிடிக்க வைக்கும், கேபிளை விடுமா? அந்தக் கேபிளுக்குள் படத்தைக் கொண்டுவருவது மூன்று ஜோடிக் கம்பிகள், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையில் ஒரு ஜோடிக்கு ஒரு நிறம். சிவப்பு ஜோடிக்குத் தொடர்பு விட்டுப்போனால் மிச்சம் இருப்பது நீலமும் பச்சையும்தான். புதுக் கேபிள் போட்டேன், முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து கரண்ட் போய் வந்ததும் வேறொரு கூத்து. கறுப்பாக இருக்க வேண்டியது பச்சை, வெள்ளையாக இருக்க வேண்டியது ரோஸ். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பாக்ஸும் டிவியும் வேறு வேறு பாஷை பேசுகின்றன என்று அர்த்தம். பாக்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்ணாக அனுப்புகிறது. டிவி அதை வெளிச்சம் ஒன்று, நிற வித்தியாசம் இரண்டு என்று வாசிக்கிறது. இரண்டையும் சுவர் சுவிட்சில் அணைத்து, சில நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் பிறகு பாக்ஸையும் போட்டால் சரியாகிவிடும். மறுபடி வந்தபோது பாக்ஸின் வீடியோ செட்டிங்கில் கலர் வகையை 'ஆட்டோ'வுக்கு மாற்றினேன், அதன்பின் வரவில்லை.

அக்கா பையன் ஒருமுறை பென் டிரைவில் ஒரு படம் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. ஹீரோ முகம் பச்சை, வானம் ஊதா. "மாமா, உங்க டிவி போச்சு" என்றான். டிவி போகவில்லை. டால்பி விஷன் என்ற நிற முறையில் வரும் ஃபைல்களில் ஒரு வகை, அந்த வசதி இல்லாத டிவியில் இப்படித்தான் வரும். எந்த செட்டிங்கும் அதைத் திருத்தாது. வேறு ஃபைல்தான் வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 2023 ஜனவரியில், திரையில் மிச்சம் இருந்த லேசான நீலத்தையும் விடக்கூடாது என்று 'ஒயிட் பேலன்ஸ்' மெனுவுக்குள் இறங்கினேன். அங்கே மூன்று நிறத்துக்கும் கெயின், ஆஃப்செட் என்று இரண்டிரண்டு எண் இருக்கும். கெயின் வெளிச்சமான இடங்களை மாற்றும், ஆஃப்செட் இருட்டான இடங்களை. தொழில் செய்பவர்கள் இதற்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது ஃபேக்டரி கப்.

மகள் கம்ப்யூட்டரில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பதினொரு பட்டை கொண்ட ஒரு படம் செய்து கொடுத்தாள். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று நிறமும் ஒரே அளவு. மேகம் மூடிய ஒரு காலை பத்து மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் படும்படி கப்பைத் திரை ஓரத்தில் பிடித்து, வெள்ளைப் பட்டையும் கப்பும் ஒரே பிரகாசத்துக்கு வரும்வரை பேக்லைட்டைக் குறைத்தேன். அது முக்கியம். பிரகாசம் கூடக் குறைய இருந்தால் கண்ணால் நிறத்தை ஒப்பிட முடியாது. பேப்பர் வைத்தும் பார்த்தேன், சரிப்படவில்லை. நோட்டுப் பேப்பரிலும் வெண்மைக்காக ஏதோ சேர்க்கிறார்கள், ஜன்னலருகே நீலமடிக்கிறது. கப் கொஞ்சம் பால் வெள்ளை, ஆனால் ஏமாற்றாது. போன் கேமராவில் எடுத்துப் பார்ப்பதும் வீண். அது தானே வெள்ளையைத் திருத்திக்கொள்ளும்.

முதல் முயற்சி சொதப்பல். நீலம் குறைந்து மஞ்சளாகத் தெரிகிறதே என்று நீல கெயினை ஏற்றினேன், பிறகு அதற்கு ஈடாகச் சிவப்பை, பிறகு பச்சையை. மூன்றும் ஏறி, வெளிச்சமான இடங்களில் மேகம் எல்லாம் ஒரே சுண்ணாம்புப் பூச்சாகிவிட்டது. நல்லவேளையாகப் பழைய எண்களைத் தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் எழுதிவைத்திருந்தேன். மறுபடி தொடங்கியபோது ஒரே விதி: ஏற்றாதே, குறை. பச்சையை அதிகம் தொடாதே. திரையின் வெளிச்சத்தில் நூற்றுக்கு 72 பங்கு பச்சையிலிருந்து வருகிறது, சிவப்பு 21, நீலம் 7. பச்சையில் இரண்டு புள்ளி மாற்றினாலே முழுப் படமும் சாயும். நீல கெயின் 9 குறைந்தது, பச்சை 2. அப்போது இருட்டுப் பட்டைகள் மட்டும் கொஞ்சம் சிவந்து நின்றன. சிவப்பு ஆஃப்செட்டில் 1 குறைத்ததும் பதினொரு பட்டையும் ஒரே சாம்பல். எதிர் மலையில் மிஸ்ட் விலகிக்கொண்டிருந்தது, தோசை ஆறிப்போயிருந்தது.

இந்த எண்களை அப்படியே உங்கள் டிவியில் போடாதீர்கள். ஒரே மாடலில்கூட ஒவ்வொரு பேனலும் வேறு.

2024 கடைசியில் வலது கீழ் மூலையில் ஊதாக் கறை. மெனுவும் அந்த இடத்தில் ஊதா, ஆகவே டிவியே காரணம். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் கறையை முழுத் திரைக்கான செட்டிங் எதுவும் தீர்க்காது. ஒரு சர்வீஸ் சென்டரில், தொட்டுக்கூடப் பார்க்காமல் "பேனல் போச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். குன்னூரில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, "கொண்டு வாங்கண்ணா, பேக்லைட்டா இருக்கும்" என்றார்.

அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்றேன். பேனலைத் தூக்கி வைத்து, வெள்ளை ஷீட்டுகளை வரிசை மாறாமல் எடுத்தார். உள்ளே நீளமான எல்இடி ஸ்ட்ரிப்புகள், ஒவ்வொரு எல்இடி மேலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் லென்ஸ். "இத பாருங்கண்ணா. மத்ததெல்லாம் எலுமிச்சை மஞ்சளா இருக்கு, இந்த மூணு கருகியிருக்கு." வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடிதான், மேலே பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. சூட்டில் பூச்சு கெட்டால் அடியில் இருக்கும் நீலம் வெளியே வந்துவிடும். நான் முதல் இரண்டு வருடம் பேக்லைட்டை 100-லேயே வைத்திருந்தேன். கூட்டிக் கழித்தால் கணக்கு என் மேல்தான் வருகிறது.

மூன்றை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். பழசும் புதுசும் ஒரே வெள்ளையாக இருக்காது, பட்டை பட்டையாகத் தெரியும் என்று முழு செட்டையும் மாற்றினார். கூலியோடு 3,200 ரூபாய். இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். பேனல் கண்ணாடி அப்பளம் மாதிரி, பவர் போர்டில் அணைத்த பிறகும் கரண்ட் தங்கியிருக்கும்.

புது ஸ்ட்ரிப் வந்ததும் பழைய எண்கள் எல்லாம் செல்லாக்காசு. படம் முழுக்க லேசான பச்சை. மறுபடி கப், மறுபடி மேகமான காலைக்காகக் காத்திருப்பு. கோத்தகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. இந்த முறை அரை மணி நேரத்தில் முடிந்தது. பேக்லைட் இப்போது 45.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு, இருட்டுக் காட்சிகளில் ஒரு பச்சைச் சாயல். பேனல் பிறக்கும்போதே வந்தது. தேடினால்தான் தெரியும், நான் தேடிக்கொண்டே இருப்பேன். அம்மாவின் கட்டில் டிவிக்குப் பக்கவாட்டில் இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் படம் வெளிறித் தெரியும். ஸ்டாண்டை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தேன். சோபாவில் உட்காருகிற எங்களுக்குத்தான் இப்போது கோணல்.

கிரிக்கெட் வந்தால் மகள் 'விவிட்'டுக்கு மாற்றிவிடுகிறாள், புல் பச்சையாகத் தெரிய வேண்டுமாம். மேட்ச் முடிந்து எல்லோரும் தூங்கப் போனபின் எழுந்துபோய் 'சினிமா'வுக்குத் திருப்பிவைத்துவிட்டுப் படுக்கிறேன்.