ஸ்பிரிங்கா, ஃபோர் வீலா? செம்பனை வரிசையில் இரண்டு ஏடிவிகள்

“மாமா, ஸ்பிரிங் மாத்துனதுல வண்டி பறக்குது” என்றான் அக்கா மகன். பறக்கிறதா, சத்தம்தான் போடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஏடிவிகளையும், அதாவது மேடுபள்ளத்தில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டிகளையும், தோட்டத்துக்குள் இறக்கினோம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து வெகுகாலம் ஆகிறது. செம்மண் பாதை, நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் கான் (வடிகால்). ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வண்டிகள் இரண்டும் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570. எஞ்சின் 567 சிசி, 44 குதிரைத் திறன். ஒன்றைக் கம்பெனியில் வந்தபடியே விட்டுவிட்டு, மற்றதில் மட்டும் கிளட்ச் ஸ்பிரிங் மாற்றினோம். ஓடும்போது கியர் விகிதத்தைப் பெல்ட்டும் இரண்டு புல்லிகளுமே மாற்றிக்கொள்கிற வண்டி இது. கிளட்ச் என்பது அந்தப் புல்லிகளைத்தான்.

கடிகாரம் பிடிக்கவில்லை. விரல் முந்திப் பிந்தி அமுக்குவதிலேயே நாம் தேடுகிற வித்தியாசம் காணாமல் போய்விடும். பக்கத்தில் பக்கமாக ஓட்டி, மரக்கணக்கில் அளந்தோம். செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். ஹெக்டருக்கு 140 சொச்சம் மரம் வருவது அந்தக் கணக்கில்தான். பதினோரு இடைவெளி ஓடினால் 99 மீட்டர். “அரை மரம் முந்திட்டான்” என்றால் நாலரை மீட்டர். நான் 90 கிலோ, அவன் 60. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டி மாறி உட்கார்ந்து, இன்னொரு தடவை ஓட்டினோம். இதைச் செய்யாமல் ஸ்பிரிங்கை ஒப்பிட்டால் ஓட்டுபவரின் வயிற்றைத்தான் ஒப்பிடுவதாகும்.

முதலில் பிரைமரி ஸ்பிரிங். எஞ்சின் தண்டில் உட்கார்ந்திருக்கும் புல்லியின் இரண்டு தட்டுகளையும் விலக்கிப் பிடித்திருப்பது இதுதான். எஞ்சின் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் வெயிட்டுகள் வெளியே வீசப்பட்டு, ஸ்பிரிங்கை அமுக்கித் தட்டுகளை நெருக்கும். அப்போதுதான் பெல்ட் பிடிக்கும். 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி காரில் போட்ட வேரியோமேட்டிக் என்ற தானியங்கிக் கியரிலிருந்து இன்றைய ஸ்கூட்டர் வரைக்கும் அடிப்படை இதே பெல்ட்டும் புல்லியும்தான். கடையில் வாங்கும் ஸ்பிரிங்கில் 120/300 என்பது மாதிரி இரண்டு எண் இருக்கும். பவுண்டுக் கணக்கு. முதல் எண் கூடினால் பெல்ட் பிடிப்பது தாமதமாகும். இரண்டாவது கூடினால் எஞ்சின் அதிகச் சுற்றில் நின்றபடி கியர் விகிதம் மெதுவாக மாறும். நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியின் சிவப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

மருமகன் போட்டிருந்தது கெட்டியான ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டிப் பிடித்த வண்டி, இதில் 2,000-ஐத் தாண்டித்தான் நகர்ந்தது. நகரும்போது குதித்தது, உண்மை. முதல் இரண்டு மரம் வரை அவன் முன்னால். நான்காவது மரத்தில் சமம். முடிவுக் கோட்டைத் தொடும்போது கம்பெனி வண்டியின் மூக்கு முன்னால் இருந்தது! ஆள் மாறி ஓட்டியும் அதே கதைதான்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சத்தம் அவ்வளவு எடுப்பாக இருந்ததே என்றான். பிரச்சினையே அந்தச் சத்தம்தான். எந்த எஞ்சினுக்கும் முழுச் சக்தி தருகிற ஒரு சுற்று உண்டு. திராட்டலை (கட்டைவிரலால் அழுத்தும் முடுக்கியை) முழுக்க அழுத்தியிருக்கும்போது கிளட்ச் எஞ்சினை அந்தச் சுற்றிலேயே பிடித்து வைக்க வேண்டும். வெயிட்டைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால், எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டிப் போய் அலறும். காதுக்கு வேகம், சக்கரத்துக்கு நஷ்டம். ஸ்பிரிங்கோடு வெயிட்டையும் கிராம் கிராமாகச் சரிசெய்தால் நிலைமை மாறலாம். அதற்கு ஒரு ஞாயிறு போதாது.

அடுத்து செகண்டரி ஸ்பிரிங். என் ஓட்டு இதற்குத்தான். பின் புல்லியில் ஸ்பிரிங்கோடு ஒரு சாய்வு வெட்டுத் துண்டு இருக்கும். பட்டறையில் ஹெலிக்ஸ் என்பார்கள். சக்கரத்தில் பாரம் ஏறும்போது இரண்டும் சேர்ந்து பெல்ட்டை இறுக்கி, விகிதத்தைக் கீழே இறக்கும். மேட்டில் வண்டி திணறாமல் தானே கியரைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். பிரைமரிக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டு, செகண்டரியில் ஒரு படி கெட்டியானதை மாட்டினோம்.

சமதரையில் பெரிதாக ஒன்றும் இல்லை, கால் மரம் கூட முந்தவில்லை. மேட்டில்தான் தெரிந்தது. அடியில் திராட்டலை விட்டு, வளைவில் மறுபடி அழுத்தினால் பழைய வண்டி ஒரு நொடி யோசிக்கும். இது யோசிக்கவில்லை. உச்சியில் ஒரு முழு மரம் வித்தியாசம். அப்புறம் இரண்டு வண்டிக்கும் பின்னால் டிரெய்லர் கட்டி, ஆளுக்குப் பத்துச் செம்பனைக் குலை ஏற்றினோம். குலை ஒன்று சுமார் 20 கிலோ. இப்போது இரண்டு மரம்! வியர்வையைத் துடைத்துக்கொண்டு மருமகன் ஒன்றும் பேசாமல் இருந்தான்.

இதற்கு விலையும் உண்டு. மேல் வேகம் கொஞ்சம் குறைந்தது. திராட்டலை விட்டால் வண்டி முன்பைவிடக் கூடுதலாகப் பிடித்து இழுக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லாருக்கும் பிடிக்காது. இன்னும் கெட்டியாகப் போனால் பெல்ட் சூடாகும்.

சரி, இரண்டு சக்கரம் இழுப்பதா, நான்கும் இழுப்பதா என்று தேர்ந்தெடுக்கிற டிரைவ் மோடுக்கு வருவோம். பைசா செலவில்லாத பொத்தான். வெயிலில் காய்ந்து இறுகிய பாதையில் டூ வீலும் ஃபோர் வீலும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் ஓடின. இந்த வண்டியில் பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும் என்பதால், வழுக்காத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. மதியம் ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு டூ வீலில் நின்ற நான் பின்சக்கரத்தால் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருக்க, அவன் மூன்று மரம் தள்ளி நின்று சிரித்தான். எந்த ஸ்பிரிங்கும் இவ்வளவு தரவில்லை.

லோ கியர் பந்தயத்துக்கு ஆகாது, சீக்கிரமே எஞ்சின் சுற்று எல்லையில் முட்டும். ஆனால் குலை ஏற்றி நடை வேகத்தில் மேடு ஏறும்போது ஹை கியரில் ஓட்டினால் பெல்ட் வழுக்கி வேகும். கருகிய ரப்பர் வாடை வந்தால் ஏற்கெனவே தாமதம். போன வருஷம் நானே ஒரு பெல்ட்டை அப்படித் தீய்த்தேன். பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

சில புது வண்டிகளில் வொர்க், ஸ்போர்ட் என்று மின்னணு மோடுகள் வருகின்றன. எங்கள் வண்டியில் அந்தப் பொத்தான் இல்லை. பெரும்பாலும் அவை கட்டைவிரலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பேச்சைத்தான் மாற்றும். பாதி அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

மாற்றப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். யமஹா கிரிஸ்லி மாதிரி வண்டிகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயில் ஓடும் தனிக் கிளட்ச். அதனால் மேலே சொன்ன பிரைமரி ஸ்பிரிங் கதை அவற்றுக்குப் பொருந்தாது. இன்னொன்று, கழற்றும்போது புல்லித் தட்டில் கிரீஸ் கை படக்கூடாது, பெல்ட்டில் உள்ள அம்புக்குறி பழைய திசையிலேயே இருக்க வேண்டும். கானில் இறங்கிப் பெல்ட் நனைந்துவிட்டால், கிளட்ச் பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை விட்டு, நியூட்ரலில் கொஞ்சம் முறுக்குங்கள்.

கெட்டி பிரைமரி ஸ்பிரிங் இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் இவ்வளவு அளந்து காட்டியும் மருமகன் அதைத் திரும்ப மாட்டத்தான் செய்தான். லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஒட்டுக்கடை முன்னால் மெதுவாகத் திருப்பும்போது வண்டி குதித்து, கையில் வைத்திருந்த தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) முழுக்கச் சட்டையில் கொட்டிய அன்று சாயந்திரம்தான் கழற்றினான்.