மினி டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில்: கம்பெனி கேனா, வெளி பிராண்டா, 68 நம்பரா?

ஆயில் கடையில் போய் ‘டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஆயில் கொடுங்கண்ணே’ என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது 68 நம்பர்தான். கடைக்காரர் மேல் தப்பில்லை. நாம் கேட்டது ஹைட்ராலிக் ஆயில், அவர் கொடுத்ததும் ஹைட்ராலிக் ஆயில். பொக்லைனுக்கும் பிரஸ் மெஷினுக்கும் ஊற்றுகிற நல்ல சரக்குதான் அது.

சிக்கல் நம் வண்டியில் இருக்கிறது. இப்போது வரும் மினி டிராக்டர்களில் பெரும்பாலும் கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல், லிஃப்ட், பிரேக் எல்லாம் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. லிஃப்டுக்கு அழுத்தம் கிடைத்தால் போதும். கியருக்குப் பல்லோடு பல் உரசாமல் காக்கும் மருந்து ஆயிலில் வேண்டும். ஆயிலில் மூழ்கியே வேலை செய்யும் ஆயில் பிரேக்குக்கு வேண்டியது இன்னும் நுணுக்கமானது: தகடுகள் தேயவும் கூடாது, வழுக்கவும் கூடாது. 68-இல் பிரேக்குக்கான இந்த மருந்து கிடையாது.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். செகண்ட் ஹேண்டில் ஒரு 27 எச்.பி. வண்டி வாங்கினேன். தென்னந்தோப்பில் வரிசை முடிந்து ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துத் திரும்பும்போதெல்லாம் கொறகொறவென்று சத்தம், வண்டியே உதறும். பிரேக் தகடு போய்விட்டது என்று செலவுக்குத் தயாராக இருந்தேன். பழைய உரிமையாளர் ஊற்றியிருந்தது 68 என்பது பிறகுதான் தெரிந்தது.

கையில் தொட்டுப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. 68 என்பது 40 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. டிராக்டருக்கென்றே வரும் யு.டி.டி.ஓ. ஆயிலும் (கடைகளில் ‘வெட் பிரேக் ஆயில்’ என்பார்கள்) அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட அதே பதம்தான். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டிப் பாருங்கள். 68 சீக்கிரம் நீர்த்துவிடும், மற்றது தாக்குப்பிடிக்கும்.

90 நம்பர் கியர் ஆயிலுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, முக்கியமாகப் பழைய மெக்கானிக்குகள். கியருக்கும் லிஃப்டுக்கும் தனித்தனி ஆயில், டிரை பிரேக் என்று இருந்த வண்டிகளில் கை பழகியவர்கள் அவர்கள். அந்த வண்டிகளின் கியர் பாக்ஸுக்கு அவர்கள் சொல்வது சரியும்கூட. ஆனால் 40 டிகிரியில் 90 நம்பர் மற்ற இரண்டையும்விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. மார்கழிக் காலையில் பம்ப் அதை ஸ்ட்ரெய்னர் வழியாக உறிஞ்ச முடியாமல் ஊளையிடும், லிஃப்ட் சோம்பேறித்தனமாக ஏறும்.

ஆக, உண்மையான போட்டி டிராக்டர் கம்பெனி தன் பெயரில் விற்கும் கேனுக்கும் வெளி பிராண்ட் யு.டி.டி.ஓ.வுக்கும்தான். வாரண்டி இருக்கும்வரை யோசிக்க வேண்டாம், கம்பெனி ஆயிலை பில்லோடு வாங்குங்கள். கியர் மாற்றாமல் பெடலில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியென்றால் வாரண்டி முடிந்தாலும் அதே ஆயில்தான். அந்தப் பம்பை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் கேன் விலை ஒன்றுமே இல்லை. மற்ற வண்டிகளுக்கு நான் வெளி பிராண்ட் பக்கம். ஒரே நிபந்தனை: உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் தர எண் கேனிலும் இருக்க வேண்டும். ஜான் டியரின் ஜே20சி, மாஸியின் எம்1145 போன்றவை அப்படிப்பட்ட எண்கள். ‘எல்லா டிராக்டருக்கும் ஏற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண் இருந்தாலும் அது உயிரோடு இருக்கிற எண்ணா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘303’ என்று ஒன்று இருந்தது. ஜான் டியரின் பழைய தரம், அதில் திமிங்கில எண்ணெய் சேர்ந்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலத்துக்குப் பாதுகாப்பு வந்ததும் கம்பெனி அந்தத் தரத்தையே கைவிட்டது. கேட்க ஆளில்லாததால் அந்தப் பெயரில் யார் யாரோ எதை எதையோ ஊற்றி விற்றார்கள். 2017-இல் மிசௌரி மாநிலம் அதன் விற்பனைக்குத் தடை போடும்வரை போனது கதை.

ஆயிலில் மிச்சம் பிடித்தாலும் ஃபில்டரில் பிடிக்காதீர்கள். கம்பி வலை ஸ்ட்ரெய்னரை டீசலில் கழுவி மாட்டலாம். காகித ஃபில்டரை ஏர் அடித்து மறுபடி போடுவது வீண் வேலை, புதிதுதான் போட வேண்டும்.

வீட்டிலேயே மாற்றுவதா, சர்வீசுக்கு விடுவதா? நான் வீட்டில். சர்வீசில் நடு போல்ட்டை மட்டும் கழற்றி வடித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பல மாடல்களில் பின் அச்சின் இரண்டு பக்கமும் தனி டிரெயின் போல்ட் உண்டு, அதையும் திறக்காவிட்டால் பழைய ஆயில் உள்ளேயே தங்கும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, லிஃப்டை இறக்கி வைத்து, எல்லா போல்ட்டையும் கழற்றி நிதானமாக வடிய விடுங்கள். வடிவது பால் விட்ட டீ மாதிரி இருந்தால் சேற்றுழவில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சீலைப் பார்க்க வேண்டும். புது ஆயில் ஊற்றியபின் லிஃப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் போனதால் அளவு குறைந்திருக்கும்.

என் வண்டியில் 68-ஐ வடித்துவிட்டு யு.டி.டி.ஓ. ஊற்றி, நான் இரண்டு முறை மாற்றினேன், நடுவில் 50 மணி நேர ஓட்டம். இடது பிரேக்கில் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. வலது பக்கம் மட்டும் காலையில் முதல் திருப்பத்தில் இன்னும் லேசாக முனகுகிறது.