ஸ்பானிஷ் சப்ஜங்டிவ்: அட்டவணையா, ‘யோ’ வழியா?

ஸ்பானிஷில் பி1 நிலையை, அதாவது ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் இடைநிலையைத் தொட்டதும் நிகழ்காலச் சப்ஜங்டிவ் என்ற வினை வடிவம் வந்து வழிமறிக்கும். விருப்பம், ஐயம், வேண்டுகோள் என்று உறுதியாகச் சொல்லாத எதற்கும் வினையின் உருவம் மாறிவிடும். ஒழுங்கான வினைகளில் தொல்லை கிடையாது. ‘ஆப்லா’ (பேசுகிறார்) ‘ஆப்லே’ ஆகும், ‘கோமே’ (சாப்பிடுகிறார்) ‘கோமா’ ஆகும், அவ்வளவுதான்.

ஒழுங்கற்ற வினைகளை எப்படிப் படிப்பது என்பதில்தான் கட்சி பிரிகிறது. வினைக்கு ஆறு வடிவம் என்று அட்டவணையை நெட்டுருப் போடுவது ஒரு கட்சி. ‘யோ’, அதாவது ‘நான்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வைக் கழற்றிவிட்டு மாற்று விகுதியைப் பூட்டுவது இன்னொன்று. இரண்டையும் பார்த்துவிட்டு ‘யோ’ பக்கம் வந்தவன் நான். அந்தச் சாய்வு இதில் தெரியத்தான் செய்யும்.

அட்டவணையின் நன்மையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் கண்முன்னே இருக்கும், தேர்வுக்கு முந்தைய வாரம் கைகொடுக்கும். சிக்கல் பராமரிப்பில். நாற்பது வினை என்றால் இருநூற்று நாற்பது வடிவங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மனத்தில் கிடப்பவை, புரட்டாமல் விட்டால் ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்ததை மீட்க மறுபடி புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

‘யோ’ வழியில் மறந்தாலும் மோசமில்லை, அங்கேயே செய்துகொள்ளலாம். ‘தெங்கோ’விலிருந்து ‘தெங்கா’, ‘ஆகோ’விலிருந்து ‘ஆகா’, ‘தீகோ’விலிருந்து ‘தீகா’, ‘சால்கோ’விலிருந்து ‘சால்கா’, ‘கொனொஸ்கோ’விலிருந்து ‘கொனொஸ்கா’. முதல் வடிவத்தை யாரும் தனியாகப் பராமரிப்பதில்லை. பசிக்கிறது என்று ‘தெங்கோ ஆம்ப்ரே’ சொல்லும்போதெல்லாம் சப்ஜங்டிவுக்கும் சேர்த்தே எண்ணெய் போட்டாகிறது. கூடவே ஒரு கொசுறு: மரியாதை ஏவலும் எதிர்மறை ஏவலும் இதே வடிவங்கள்தான். ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் சொல்லும் ‘தீகாமே’வும் இந்த வகைதான்.

இந்த வழி சறுக்கும் இடமும் உண்டு. ‘கெரெர்’ (விரும்புதல்) என்ற வினையில் ‘கியெரோ’ ‘கியெரா’ ஆகிறது, சரி. ஆனால் ‘நாம்’ என்று வந்தால் ‘கியெராமோஸ்’ இல்லை, ‘கெராமோஸ்’. உள்ளே நடந்த உயிர்மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ‘புவெதா’வுக்கும் அப்படியே, ‘போதாமோஸ்’. மூல வடிவம் ‘-இர்’ என்று முடியும் வினைகள் இன்னும் குறும்பு: ‘சியெந்தா’ என்பது ‘நாம்’ வடிவத்தில் ‘சிந்தாமோஸ்’, ‘துவெர்மா’ என்பது ‘துர்மாமோஸ்’. பழைய நிலைக்கும் திரும்பாமல் மூன்றாவதாக ஓர் உயிர் வந்து உட்காருகிறது. அட்டவணைக்காரர்கள் இங்கே சிரிக்கலாம், உரிமை உண்டு. ஸ்பெயினில் பேசும் ‘நீங்கள்’ வடிவத்துக்கும் இதே கதை. மேற்கண்ட நான்கையும் மாதிரியாக வைத்துக்கொண்டால் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை அடங்கிவிடும். அரிதான வினையில் வேறு இடைஞ்சல்: ‘கபெர்’ (இடம் கொள்ளுதல்) என்பதற்கு ‘கெப்பா’ வர வேண்டுமானால் முதலில் ‘கெப்போ’ தெரிந்திருக்க வேண்டும், அதையே பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘யோ’ வழிக்கு அறவே அடங்காதவை ஆறே ஆறு: செர், இர், அபெர், சபெர், தார், எஸ்தார். அவற்றின் ‘யோ’ வடிவங்களான சோய், வோய், ஏ, சே, தோய், எஸ்தோய் எதுவும் ‘ஓ’வில் முடிவதில்லை என்பதே அடையாளம். சேயா, வாயா, ஆயா, செப்பா, தே, எஸ்தே என்று இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதற்கும் அட்டவணையைவிட வாக்கியங்களே எனக்கு ஒட்டின. விடைபெறும்போது ‘கே தே வாயா பியென்’, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்பதற்கு ‘கே யோ செப்பா’, கடிதத்தின் முதல் வரியில் ‘எஸ்பெரோ கே எஸ்தேஸ் பியென்’.

எங்கே போடுவது என்ற கேள்விக்கும் வாக்கியங்கள்தான் பதில். ‘குவாந்தோ தெங்கோ தியெம்போ, லேயோ’ என்றால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் படிக்கிறேன் என்று வழக்கத்தைச் சொல்வது. ‘குவாந்தோ தெங்கா தியெம்போ, லேயெரே’ என்றால் நேரம் இனிமேல்தான் கிடைக்க வேண்டும். ‘கிரேயோ கே’ என்று நம்பிச் சொன்னால் சாதாரண வினை. ‘நோ கிரேயோ கே’ என்று மறுத்தால் சப்ஜங்டிவ். இந்த விஷயத்தில் அட்டவணை, ‘யோ’ வழி இரண்டுமே கை விரிக்கின்றன. வாக்கியங்களை மட்டுமே பிடித்துக்கொண்டு மேல்நிலைக்குப் போன யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை, அதனால் அந்த வழியை மட்டும் நம்பச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

‘நீ’ என்பதற்கு ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ சொல்லும் அர்ஜென்டினாப் பேச்சிலும் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ‘தெங்காஸ்’ என்பதில் அழுத்தம் கடைசியில் விழும் வடிவமும் காதில் விழும், கேட்டால் திகைக்க வேண்டாம். லத்தீன் அமெரிக்காவுக்காகப் படிப்பவர் ஸ்பெயினின் ‘நீங்கள்’ வடிவமான ‘தெங்காயிஸ்’ வகையைத் தொடாமலே விட்டுவிடலாம். அங்கே ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தெதெஸ்’தான் புழக்கம், ‘தெங்கான்’ போதும்.