கண்டியில் எடுத்த ஸ்கான், திருகோணமலை உவர்மலையில் இருந்தபடி ஆலோசனை

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அம்மாவின் எலும்பு ஸ்கானை இன்னொரு நிபுணரிடம் காட்டுவதற்காக, அணு மருத்துவ வைத்தியரை (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கான்களை வாசிப்பவரை) காணொளி அழைப்பில் சந்திக்க ஒழுங்கு செய்துதரும் சேவையொன்றை நாடினோம்.

இச்சேவையால் ஸ்கானுக்கான பயணம் மிச்சமாகாது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசி மூலம் ஏற்றி, அது எலும்பில் படியும் வரை ஏறத்தாழ 3 மணித்தியாலம் காத்திருந்து, அக்கதிர்களைப் படமாக்கும் காமா கமராவின் கீழே படுத்தே ஆகவேண்டும். அதன் கதிரியக்கம் 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடுவதால் அதிகம் தாமதிக்கவும் முடியாது. அதற்காகக் கண்டிக்குப் போய்வந்தோம். படத்தை வாசிப்பவர்தான் எங்கேயும் இருக்கலாம்.

விலாவில் மூன்று இடங்களில் மருந்து கூடுதலாகப் படிந்திருப்பதாகவும், நோய் பரவியிருக்கலாம் என்றும் முதல் அறிக்கை சொன்னதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை. நிபுணர் படத்தைத் திரையில் விரித்து, அதன் கருமையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபின், "அம்மா, கிட்டடியில எங்கயாவது விழுந்தனீங்களா?" என்று கேட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததை, எங்களிடம்கூட மறைத்திருந்த அம்மா, அவரிடம் ஒப்புக்கொண்டார். ஆறிவரும் முறிவும் புற்றுநோய்ப் பரவலும் இந்த ஸ்கானில் ஒரேமாதிரித் தெரியக்கூடும் என்றும், அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே வரிசையில் விழும் புள்ளிகள் பெரும்பாலும் அடிபட்டதன் அடையாளம் என்றும் விளக்கிய அவர், உறுதிப்படுத்த அவ்விடத்தை மட்டும் சீ.டி. ஸ்கான் எடுக்கச் சொன்னார். அதிலும் முறிவுதான் தெரிந்தது.

குறையும் உண்டு. முதலில் ஸ்கான் பிலிமைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தேன். கட்டணத்தை வாங்கி இரண்டு நாள் கழிந்த பிறகே, மூல டைகொம் கோப்பு (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் கணினிக் கோப்பு) இல்லாமல் பார்க்க முடியாது என்றார்கள். மறுத்தது முற்றிலும் சரி, ஏனெனில் அப்படிப் பிடித்த படத்தில் கருமையை மாற்றிப் பார்க்க வழியில்லை. ஆனால் அதைப் பணம் வாங்குமுன் சொல்லியிருக்கலாம். அந்தக் கோப்பு அடங்கிய இறுவட்டுக்காக மீண்டும் கண்டிக்கு பஸ் ஏறினேன். இத்தனைக்கும் அந்தக் கோப்பு மிகச் சிறியது: முழு உடற்படம் 256க்கு 1024 புள்ளிகள்தான், அரை மெகாபைட் அளவில் அடங்கும். உவர்மலையின் மந்தமான இணைப்பிலும் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. கிளினிக் வைத்தியருக்கு அது போதும். அம்மாவுக்கு நான்தான் வரிவரியாக வாசித்துச் சொன்னேன்.

பதிவு செய்ய நினைப்பவர்கள், ஸ்கான் எடுத்த அன்றே இறுவட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புங்கள்.