மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: நான்கு அதிபர்கள், நான்கு வழிகள்

அமெரிக்காவின் முதல் நான்கு அதிபர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். வாஷிங்டன் தேசத் தந்தை, ஆடம்ஸ் முன்கோபி, ஜெஃபர்சன் மேதை, மேடிசன் அரசியல் சட்ட நிபுணர் என்று. எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. நால்வருக்கும் வந்த வினாத்தாள் ஒன்றேதான். அதற்கு யார் என்ன விடை எழுதினார்கள் என்று பார்த்தால் ஆள் தானாகத் தெரிந்துவிடும்.

1793-ல் பிரான்சும் பிரிட்டனும் மோதத் தொடங்கின. இடையில் சிறிது ஓய்ந்தாலும் 1815 வரை அது முடியவில்லை. இரண்டு நாடுகளுமே அமெரிக்க வணிகக் கப்பல்களை மறித்துச் சரக்கைப் பறித்தன. பிரிட்டிஷ் கடற்படை கூடுதலாக ஒன்று செய்தது: ‘எங்கள் படையிலிருந்து ஓடிவந்தவன்’ என்று சொல்லி அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளையே இழுத்துக்கொண்டு போனது. 1793-ல் அமெரிக்காவிடம் கடற்படை என்று சொல்ல எதுவும் கிடையாது. அரசு வருமானத்தில் பெரும்பகுதி சுங்க வரி. அதிலும் பெரும்பங்கு பிரிட்டிஷ் சரக்கிலிருந்து வந்தது. அடிக்கிறவனே படியளக்கிறவனாகவும் இருந்தால் என்ன செய்வது?

வாஷிங்டனின் விடை: ஒதுங்கி நில். 1778-ல் பிரான்சோடு செய்த நட்பு ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, 1793 ஏப்ரல் 22-ல் நடுநிலை அறிவிப்பை வெளியிட்டார். வெளியுறவைக் கவனித்த ஜெஃபர்சன் வற்புறுத்தியதால், அந்த அறிவிப்பில் ‘நடுநிலை’ என்ற சொல் மட்டும் இல்லை! பிறகு தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டனுக்குப் போய் 1794 நவம்பரில் ஒப்பந்தம் போட்டார். மாலுமிகளைப் பிடிப்பது பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவி எரிந்தது. செனட்டில் 20-க்கு 10 என்று தேவையான மூன்றில் இரண்டு பங்கை மட்டும் தொட்டுத் தப்பியது.

ஆனால் கிடைத்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்க மண்ணில் இருந்த வடமேற்குக் கோட்டைகளை பிரிட்டன் காலி செய்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் வசமிருந்த துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வியாபாரம் செய்ய 13-வது பிரிவு வழிவிட்டது. நம் சென்னைத் துறைமுகமும் அதில் சேர்த்திதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிட்டனோடு போர் தள்ளிப்போனது. மானம் கொஞ்சம் போனது, அவகாசம் கிடைத்தது. அதை மலிவான பேரம் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பேரத்தால் கோபமடைந்த பிரான்ஸ் ஆடம்ஸ் தலையில் விடிந்தது. 1797-ல் பாரிஸ் போன மூன்று தூதர்களிடம், பேச்சைத் தொடங்கவே லஞ்சமும் கடனும் கேட்டார்கள். விவரம் 1798-ல் வெளியானதும் நாடே போர் போர் என்று கொதித்தது. ஆடம்ஸுக்கு அதைவிட வசதியான சமயம் வாய்த்திருக்காது. போரை அறிவித்திருந்தால் மறுதேர்தல் எளிதாக இருந்திருக்கும். அவருடைய ஃபெடரலிஸ்ட் கட்சி அதைத்தான் விரும்பியது. அந்தக் கட்சியின் பெரிய தலையான ஹாமில்டன் படை திரட்டிக்கொண்டிருந்தார்.

ஆடம்ஸ் மோதலையும் சமாதானப் பேச்சையும் சேர்த்துச் செய்தார். கடற்படைக்குத் தனித் துறை அமைத்து, போர் அறிவிக்காமலே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதவிட்டார். 1799 பிப்ரவரியில், கட்சிப் பெரிய தலைகளிடம் கலக்காமல், சமாதானம் பேச மீண்டும் தூதரை நியமித்தார். எதிர்த்த பிக்கரிங், மெக்ஹென்றி என்ற இரண்டு அமைச்சர்களை 1800 மே மாதம் வெளியேற்றினார். அந்தச் செப்டம்பர் 30-ல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரான்சோடு இருந்த பழைய நட்பு ஒப்பந்தச் சுமையும் இறங்கியது. செய்தி கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் தேர்தல் கைவிட்டுப் போயிருந்தது. ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்கு, ஆடம்ஸுக்கு 65.

வெள்ளைபூசும் எண்ணம் எனக்கு இல்லை. அரசை விமர்சித்து எழுதுவதைக் குற்றமாக்கிய 1798-ன் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இதே ஆடம்ஸ்தான். வெர்மான்ட் மாநில எம்.பி. மேத்யூ லயனை அந்தச் சட்டத்தில் நான்கு மாதம் உள்ளே வைத்தார்கள். சிறையிலிருந்தபடியே அவர் மறுபடி ஜெயித்தார்.

ஜெஃபர்சன் 1803-ல் லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கி நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். எல்லோரும் பாடும் பாட்டு அது. ஆனால் 1800 சமாதானம் இல்லாமல், பகை நாடாக நின்றுகொண்டு நெப்போலியனிடம் அந்த நிலத்தை விலை பேசியிருக்க முடியுமா?

நம் வினாத்தாளுக்கு அவர் எழுதிய விடை வேறு. 1807 ஜூனில் பிரிட்டனின் லெப்பர்ட் கப்பல் அமெரிக்காவின் செசபீக் மீது சுட்டு நான்கு மாலுமிகளைப் பிடித்துப் போனது. நாடு பொங்கியது. ஜெஃபர்சன் போரும் வேண்டாம், பணிவும் வேண்டாம் என்று மூன்றாவது வழி கண்டார்: அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாடு போகக் கூடாது. டிசம்பரில் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்கச் சரக்கு இல்லாமல் பிரிட்டனும் பிரான்சும் வழிக்கு வரும் என்பது கணக்கு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 1807-ல் சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டே 2.2 கோடிக்கு விழுந்தது. கப்பல்கள் துறைமுகத்தில் அழுகின. சாம்ப்ளேன் ஏரி வழியாகக் கனடாவுக்குக் கள்ளக்கடத்தல் நடந்தது. நெப்போலியன் செய்த கிண்டல் இன்னும் குரூரம்: ‘அமெரிக்கக் கப்பல்தான் வெளியே வரக் கூடாதே, அப்படியானால் வந்திருப்பது வேஷம் போட்ட பிரிட்டிஷ் கப்பல்’ என்று ஐரோப்பியத் துறைமுகங்களில் இருந்தவற்றைப் பறித்துக்கொண்டார்.

எனக்கு அதிகம் உறுத்துவது பொருளாதாரம் அல்ல. ஆடம்ஸின் அடக்குமுறைச் சட்டத்துக்கு எதிராக 1798-ல் கென்டக்கி மாநிலம் நிறைவேற்றிய தீர்மானங்களை மறைவில் எழுதிக் கொடுத்த கை ஜெஃபர்சனுடையது. மத்திய அரசு மக்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பேசியவர், 1809 ஜனவரியில் சொந்த வியாபாரிகள் மீதே படையை ஏவ அதிகாரம் தரும் சட்டம் கொண்டுவந்தார். நிதியமைச்சர் காலட்டின் தொடக்கத்திலேயே, நிரந்தரத் தடையைவிடப் போரே மேல் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பதவி முடியும் வாரத்தில் தடை விலக்கப்பட்டது. ஒரு பக்க நன்மை மட்டும் மிச்சம்: இறக்குமதி இல்லாததால் நியூ இங்கிலாந்தில் நூற்பாலைகள் முளைத்தன.

மேடிசனைச் சுருக்கமாக முடிக்கலாம். அவர் 1812 ஜூன் 18-ல் பிரிட்டன் மீதான போர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். கப்பல்களை மறிக்கும் ஆணைகளை விலக்கப்போவதாக பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தந்தி இல்லாத காலம். அரசு வங்கியின் உரிமம் முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்ததால் போருக்குக் கடன் திரட்டவே திண்டாட்டம். 1814 ஆகஸ்டில் தலைநகரம் எரிந்தது. தொடக்கத்தில் வந்த நல்ல செய்தி கடலிலிருந்து. பிரிட்டனின் கெரியேர் கப்பலை வென்ற கான்ஸ்டிடியூஷன் கப்பல் தண்ணீரில் இறங்கியது ஆடம்ஸ் காலத்தில்! 1814 டிசம்பரில் கெண்ட் நகரில் செய்த உடன்படிக்கை எல்லையைப் பழையபடியே விட்டது. மாலுமிகள் பற்றி அதிலும் ஒரு வரி இல்லை, ஜே ஒப்பந்தம் போலவே.

அப்படியானால் வரிசை? முதலில் ஆடம்ஸ். விலையைத் தன் பதவியாகக் கொடுத்தவர் அவர் ஒருவரே; பிரான்சோடு சமாதானம் செய்த பொறுப்பை ஏற்றவர் என்பதே தன் கல்லறையில் போதும் என்று பிற்காலத்தில் எழுதினார். அடுத்தது வாஷிங்டன். பிறகு மேடிசன், கடைசியில் ஜெஃபர்சன். கடைசி இரண்டு இடத்தை மாற்றிப் போடுகிறவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

இந்த வரிசையெல்லாம் குடியேறியவர்களின் கணக்குப்படி. பூர்வகுடிகளுக்கு எந்த விடையும் உதவவில்லை. 1794 ஆகஸ்டில் அமெரிக்கப் படையிடம் தோற்று ஓடிவந்த வீரர்களுக்கு, நண்பன் என்று சொல்லிவந்த பிரிட்டன் வடமேற்கில் தன் வசமிருந்த மயாமி கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, மேடிசன் போரின் நடுவில், கிரீக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து சுமார் 2.3 கோடி ஏக்கரைப் படைத்தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் எழுதி வாங்கினார். அதில் பெரும்பங்கு நிலம், ஜாக்சன் பக்கம் நின்று போரிட்ட கிரீக்குகளுடையது.